வால் முளைக்கும் காலம்

ஜனவரி 6, திங்கள்

வால் இல்லை! ஒன்றுக்குக்கூட வால் இல்லை!

இதை நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து கத்தியதும் வாசல் காவலாளி துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டார். பல்லி என்று நினைத்தாராம். அவரையே மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஜவ்வரிசி மாதிரி இருக்குது மேடம்" என்றார். ஜவ்வரிசியேதான்! நான்கு வருடமாக நான் பார்க்க ஏங்கிய ஜவ்வரிசி.

வயதான காலத்தில் இந்த டைரியைப் புரட்டப்போகும் எழிலரசிக்கு எல்லாம் மறந்திருக்கும், அவளுக்காக எழுதிவைக்கிறேன். விந்தணு என்பது முதலில் வெறும் உருண்டை. அப்புறம் தலை கூராகும், உடம்பு ஒடுங்கும், வால் முளைக்கும், நீந்தக் கிளம்பும். வால் முளைக்க ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தை மட்டும் கட்டிப்போடுகிற மருந்துதான் நாங்கள் தேடுவது. ஹார்மோனைத் தொடக்கூடாது. தொட்டால் மீசை, குரல், ஆசை என்று எல்லாவற்றிலும் கைவைத்த மாதிரி ஆகிவிடும். ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை இத்தனை காலம் வராமல் இழுத்தடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் மருந்துக்கு நீளமான எண் ஒன்று உண்டு. நாங்கள் 'கேட்' என்று கூப்பிடுகிறோம். ரயில்வே கேட். எலிகளுக்கு ஐந்து வாரமாகக் கொடுத்துவருகிறோம். இன்று கேட் மூடிவிட்டது.

ஆய்வகத் தலைவி வசுந்தரா மேடம் வந்து பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்றும் சிரிக்கவில்லை.

"மூடிடுச்சு, சரி. திறக்குமா?"

திறக்காவிட்டால் அது கருத்தடை இல்லை, மலடாக்குவது. எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒருநாள் சந்தோஷப்பட விட்டிருக்கலாம்.

ஜனவரி 8

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். நான் தங்கியிருப்பது வடவள்ளியில், மேகலா அக்கா வீட்டில். அத்தான் தயாபரன் மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் தூங்கியபிறகுதான் இந்தப் பேச்சையெல்லாம் எடுக்க முடியும்.

அத்தான் தோசையைப் பிய்த்தபடி, "அப்ப அந்த எலிக்கு... மத்தபடி ஒண்ணும் குறையலியே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் குறையலை அத்தான். ராஜா மாதிரி இருக்கு."

அவருக்கு நிம்மதி. எலிக்காக இவ்வளவு கவலைப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை.

அக்கா மட்டும், "எப்ப கடைக்கு வரும்?" என்றாள்.

"எல்லாம் சரியாப் போனா பத்து வருஷம்."

அவள் சிரித்தாள். "போடி, அதுக்குள்ள எனக்கே தேவைப்படாது."

சிரிப்புதான். ஆனால் இரண்டாவது பிரசவத்தில் அக்கா பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை சாப்பிட்டால் தலைவலியில் சுவரில் முட்டிக்கொள்கிறாள். காப்பர்-டி போட்டால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அறுவை சிகிச்சைக்குப் போகலாம் என்றால், முதலில் ரத்தம் ஏறட்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மாதமும் காலண்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

பத்து வருஷம் என்று அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்.

ஜனவரி 20

இன்று மாப்பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பினோம். இது என் பேச்சு இல்லை. எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் நல்லசிவத்தின் பேச்சு. ஆண் எலிகள் எல்லாம் 'மாப்பிள்ளை', பெண் எலி இருக்கும் கூண்டு 'மாமியார் வீடு'. காங்கயத்துக்காரர். எலியைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

"மாப்பிள்ளை, கூச்சப்படாதீங்க. உள்ள போங்க."

ஒரு வாரம் தினமும் காலையில் நாங்கள் இரண்டு பேரும் பெண் எலிகளைப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும். சேர்ந்தும் கருத்தரிக்காவிட்டால் மருந்து வேலை செய்கிறது. நேரமானால் அடைப்பு கரைந்துவிடும், அதனால் சீக்கிரம் போக வேண்டும். எனக்குக் காலையில் எழுந்திருப்பது விஷம்.

ஜனவரி 24

நான்கு நாளாக அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது. வேலையில் ஆர்வம் என்றால் இப்படித்தான். நல்லசிவம் ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டு வருகிறார். நன்றாகத்தான் இருக்கிறது, காப்பி.

ஜனவரி 27

அத்தானுக்குத் திடீரென்று விஞ்ஞானத்தில் ஆர்வம். நான் துணி காயப்போட மாடிக்குப் போனால் அவரும் பின்னாலேயே வந்தார்.

"எழிலு, இது வலிக்குமா?"

"மாத்திரை எப்படி அத்தான் வலிக்கும்?"

"மாத்திரை இல்ல. மத்தது. இப்பவே இருக்குதே, ஆஸ்பத்திரில பண்றது."

சொன்னேன். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், மரத்துப்போக ஊசி, ஒரு சின்னத் துளை, அன்றைக்கே வீடு. ஆனால் குழாயில் ஏற்கெனவே இருப்பது தீர வேண்டும். அதனால் மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் நிம்மதி.

"ஆசையெல்லாம்..."

"அது வேற டிபார்ட்மென்ட் அத்தான். இது ரோட்டை மூடறது, ஊரை மூடறதில்லை."

அவர் நான்கு துணியை எடுத்து, பிழியாமலே கொடியில் போட்டுவிட்டுக் கீழே போனார். பொது அறிவுக்காகக் கேட்டாராம். நல்ல விஷயம். ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். திருச்சியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை (எலி இல்லை) வங்கி அதிகாரி. அவருடைய அம்மா கேசரியைக் கையில் எடுத்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்.

"பொண்ணு என்னம்மா ஆராய்ச்சி பண்றே?"

அம்மா அவசரமாக, "மருந்து ஆராய்ச்சி" என்றாள்.

"எதுக்கு மருந்து? சுகருக்கா?"

நான் உண்மையைச் சொன்னேன். என்ன தப்பு? கேசரி தட்டுக்குத் திரும்பிப் போனது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் புரையேறியது. தனியாகப் பேசச் சொன்னபோது மாப்பிள்ளை பால்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்: "வீட்டுக்குக் கொண்டு வருவீங்களா? அதாவது, மருந்தை. சாம்பார்ல எல்லாம் கலந்தா தெரியுமா?"

"தெரியாது. ருசி இல்லாத மருந்து" என்றேன்.

பஜ்ஜியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்கள். அம்மா அழுதாள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார், அழவில்லை. பஜ்ஜி முழுவதையும் அத்தான் முடித்தார்.

பிப்ரவரி 3

நல்லசிவத்திடம் சொன்னேன். சாம்பார் வரைக்கும் வந்ததும் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற எடம் பாக்கறாங்களாங்க?" என்றார்.

"பாக்காம? அம்மா விடுவாளா?"

"ஓ" என்றார். மூட்டையிலிருந்து எழுந்து, ஏற்கெனவே கழுவிய கூண்டையே திரும்பக் கழுவினார். விசித்திரமான மனிதர்.

பிப்ரவரி 14

ஊரெல்லாம் ரோஜாப்பூவும் கையுமாகத் திரிகிறது. எங்கள் வீட்டில் அத்தான் ஐஸ் கட்டிப் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

பைக்கில் வழுக்கி விழுந்துவிட்டாராம். கையில் சிராய்ப்பு இல்லை, பைக்கில் கீறல் இல்லை, ஆனால் வாத்து மாதிரி நடக்கிறார். பாவம், உள்காயம் போல. இரண்டு நாள் லீவு. சின்னவள் தூக்கச் சொல்லி அழுதாள். கனம் தூக்கக்கூடாது என்று அக்கா பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். விழுந்த மனிதரை டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அக்கா அடுப்படியில் பாட்டு வேறு பாடுகிறாள். புருஷன் விழுந்து கிடக்கும்போது பாடுகிறவளை இன்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 17

சேர வேண்டியவை எல்லாம் சேர்ந்தன. கருத்தரித்தது ஒன்றுகூட இல்லை. ஒன்றுகூட! மருந்து கொடுக்காத மாப்பிள்ளைகளின் மாமியார் வீட்டில் மட்டும் குட்டிகள் கும்பல் கும்பலாகக் கீச்சிடுகின்றன. நானும் நல்லசிவமும் எலிக்கூடத்தில் கைதட்டி ஆடினோம். கையுறை, முகமூடி, தலைத்தொப்பியோடு. வசுந்தரா மேடம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நாங்கள் கூண்டு துடைப்பதுபோல் பாவனை செய்தோம்.

மார்ச் 3

மருந்தை நிறுத்திவிட்டோம். இனி கேட் தானாகத் திறக்க வேண்டும்.

மே மாதம் டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் இந்த மாப்பிள்ளைகள் அப்பாக்கள் ஆகாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று மேடம் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டார். அவர் தொட்டதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 21

நல்லசிவம் நான்கு நாள் லீவு. பெரியப்பா மகளுக்குக் கல்யாணமாம். எலிக்கூடத்தில் நாற்றம் தாங்கவில்லை. அவர் இருக்கும்போது இப்படி நாறியதே இல்லை. இத்தனைக்கும் அதே எலிகள், அதே மரத்தூள்.

சுக்குக் காப்பி நானே போட்டேன். கஷாயம்.

ஏப்ரல் 2

மாப்பிள்ளைகள் மறுபடியும் மாமியார் வீட்டில். இன்னும் பொறுக்கலாம் என்றார் நல்லசிவம். குழு வருகிற தேதியை நினைத்து நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஏப்ரல் 16

ஒன்றுமில்லை. எல்லா வயிறும் தட்டை.

ஏப்ரல் 17

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

இன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். நான் அழுதால் அசிங்கமாக இருக்கும், மூக்கு வீங்கி சத்தமாக. அக்கா கேரட்டைக் கீழே வைத்தாள்.

"மூடறதுக்கு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கு, திறக்கத் தெரியலை. உனக்குன்னு ஒண்ணு கண்டுபிடிச்சுத் தரணும்னு நினைச்சேன்க்கா. நீ காலண்டர் முன்னாடி நிக்கறதைப் பார்க்க முடியலை."

அக்கா என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"ஏண்டி, நிஜமாவே உனக்குத் தெரியாதா? டாக்டர் பட்டம் வாங்கினவதானே நீ? நான் காலண்டர் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு."

"ஏன்?"

"உங்க அத்தான் பைக்ல விழலைடி."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.

ஐஸ் கட்டி. வாத்து நடை. கனம் தூக்கக்கூடாது. மொட்டை மாடியில் கேட்ட கேள்விகள். நாள் முழுக்க இதே விஷயத்தை ஆராய்ச்சி செய்கிறவள் நான்!

"நான் கேட்கவே இல்லை எழில். ஒருநாள் ராத்திரி அவரா சொன்னார். 'எழிலு மாத்திரை வர்றதுக்குப் பத்து வருஷமாம். அதுவரைக்கும் நீ பயந்துக்கிட்டே இருப்பியா?'ன்னார். அவ்வளவுதான். மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டார். மூணு மாசத்துக்கு வேற பாதுகாப்பும் கையோட வாங்கிட்டு வந்தார். பொள்ளாச்சில அவங்க அம்மா காதுக்கு மட்டும் போகக்கூடாதாம். தொழிற்சாலைல தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்களாம். உன்கிட்ட சொல்லவும் வெட்கமாம்."

அக்கா முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அதே முந்தானையால் அவள் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் இரண்டு ஆம்லெட் வைத்தேன். அவர் ஆம்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். காது சிவந்துபோயிற்று.

ஏப்ரல் 19

நல்லசிவம் மேஜைமேல் ஒரு தாளை விரித்து வாரங்களைக் கோடு போட்டு வைத்திருந்தார். "நீங்க அவசரப்பட்டுட்டீங்க. புதுசா ஒண்ணு உருவாக அஞ்சு வாரம். அது குழாய் வழியா நடந்து வெளிய வரவேண்டாமுங்களா? ரோட்டுல இருக்கறப்பவே ஊர்ல காணோம்னு தேடினா எப்படிங்க?"

ஒரு மாப்பிள்ளையின் மாதிரியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, அவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்களேன்!"

"வாலுங்க" என்றார். "வாலு வாலா ஓடுதுங்க."

தள்ளிவிட்டுப் பார்த்தேன். ஜவ்வரிசிக்கு நடுவே கூர் தலையும் நீள வாலுமாக என் செல்லங்கள் துள்ளிக்கொண்டு போயின! நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்டிருந்தேன், அதனால் கணக்கில் வராது.

ஏப்ரல் 22

மூன்றாம் முறையாக மாமியார் வீடு. மாப்பிள்ளைகளுக்கு வாழ்த்து.

மே 5

நல்லசிவம் ஒரு பெண் எலியைக் கையில் எடுத்து விரல் நுனியால் வயிற்றைத் தடவினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது.

"என்ன?"

"சொன்னா கத்துவீங்க. எலிங்க பயந்துக்கும்."

"கத்த மாட்டேன்."

"எல்லாத்துக்கும் வயித்துல மணி கோத்த மாதிரி இருக்குதுங்க."

வெளியே ஓடி, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்க் கத்தினேன். காவலாளி துடைப்பத்தை எடுக்கவில்லை. பழகிவிட்டார்.

மே 12

பிறந்துவிட்டன! கூண்டு கூண்டாக, ரோஸ் நிறத்தில், சுண்டைக்காய் அளவில். விரல், வால், பால் குடித்த வெள்ளை வயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருக்கின்றன. வசுந்தரா மேடம் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திறந்திடுச்சு" என்றார்.

சிரித்தார்! மேடத்துக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. யாருக்கும் தெரியாது.

மே 14

சாயங்காலம் அத்தான் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். வாசலிலேயே கத்தினார்: "பூஜ்யம்! பூஜ்யம் வாங்கிட்டேன்!"

பரிசோதனை முடிவு. ஒன்றுமில்லை, ஒன்றுகூட இல்லை. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லையாம். பெரியவள், "அப்பா ஃபெயிலா?" என்று கேட்டாள். அக்கா சிரிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

என்னிடம் தனியாக, "இன்னொரு விஷயம் எழிலு" என்றார். போன வாரம் பரிசோதனைக்குக் கொடுத்த அன்றே வாய் சும்மா இருக்காமல் தொழிற்சாலையில் உளறிவிட்டாராம். ஒரு நாள் முழுக்கக் கிண்டல். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லேத் பிரிவுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "தயா, வலிச்சுதா?" என்று கேட்டாராம். அப்புறம் இன்னொருவர். நாளைக்கு அந்த இரண்டு பேரையும் அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்.

"ஐஸ் கட்டி வாங்கி வைக்கச் சொல்லிட்டேன்" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

மே 20, செவ்வாய்

குழு வந்தது. ஐந்து பேர். நான் பேசினேன். மூடியது, திறந்தது, குட்டிகள், ஹார்மோன் அளவு மாறவே இல்லை, எல்லாம் காட்டினேன். நாக்கு ஒரே ஒரு இடத்தில்தான் புரண்டது. கடைசியில் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். தமிழ்நாட்டுக்காரர்தான். தமிழிலேயே கேட்டார்.

"விஞ்ஞானம் பிரமாதம். ஆனா ஒண்ணு கேக்கறேன். இதை எந்த ஆம்பளைம்மா சாப்பிடுவான்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். என்னிடம் கணக்கெடுப்பு இருந்தது, படம் இருந்தது. அத்தானைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

நல்லசிவம் எழுந்து நின்றார். கையை வேறு தூக்கியிருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"நான் சாப்பிடுவேனுங்க."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லீங்க. ஆனா நம்ம வீட்டுப் பொம்பளை மட்டும் எல்லாத்தையும் ஏன் தாங்கணுமுங்க?"

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ எழுதினார். அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். அடுத்தது முயல். மேடம் எல்லார் முன்னாலும் குழி விழச் சிரித்தார்.

வெளியே வராண்டாவில் நல்லசிவம் நின்றுகொண்டிருந்தார்.

"அது மனுஷங்களுக்கு வர்றதுக்குப் பத்து வருஷம் ஆகும், தெரியுமில்ல?" என்றேன்.

"தெரியுமுங்க. காத்திருப்பேனுங்க."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

நான் சும்மாதான் கேட்டேன். சத்தியமாகச் சும்மாதான். அவர் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அதுவரைக்கும்... ஒண்ணோ ரெண்டோ பெத்துக்கலாமுங்களா?"

ஆய்வகம் முழுவதும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"ரெண்டு. அதுக்கு மேல கிடையாது" என்றேன்.

"சரீங்க" என்றார் நல்லசிவம்.